தாடைக்கட்டு

எங்கள் தாத்தாவுக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. அதுவும் அவர் செத்த அன்றைக்கு எடுத்தது. 1961ஆம் வருஷம். கைவைத்த மர நாற்காலியில் உட்காரவைத்து, புது வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, கழுத்து நிறைய மாலை சாத்தி, சுற்றிவரப் பதினொரு பேர் நின்று எடுத்துக்கொண்ட படம். உயிரோடு இருந்த அறுபத்துச் சொச்சம் வருஷத்தில் அவரை ஒருதரம் படம் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்கென்று காசு எடுத்திருக்க மாட்டார்கள். போனபிறகு டவுனுக்கு ஆள் அனுப்பி ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்தார்கள். அந்தக் காலத்தில் இது அதிசயமில்லை. கல்யாணம் போலச் சாவும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வரும்படிதான். பழைய வீடுகளின் பரணில் தேடினால், நாற்காலியில் உட்கார்ந்த பிணமும் சுற்றி நிற்கும் பிள்ளைகளுமாக ஒரு படம் இன்றைக்கும் அகப்படும்.

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் சோறு தின்று வளர்ந்தேன். ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் தினசரிக் காலண்டர், நடுவில் தாத்தா. வெள்ளிக்கிழமை மூவருக்கும் சேர்த்தே அம்மா சூடம் காட்டுவாள். ஒருநாளும் நான் பயந்ததில்லை. அது பிணம் என்று தெரியும். தெரிந்திருந்ததே ஒழிய உறைக்கவில்லை. உறைத்தது 1994இல், கலைக் கல்லூரியில் ஓவியம் மூன்றாம் வருஷம் படித்தபோது, அதை நாலடிக்கு ஐந்தடியில் வரையத் தொடங்கிய பிறகு.

காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, ஃபெவிகாலில் வெள்ளைப் பவுடரைக் குழைத்து மூன்று கோட் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். போட்டோ மேல் கண்ணாடித் தாளை வைத்துக் கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்தையும் துணியில் பெரிதாக்கிக்கொண்டே வந்தேன். கட்டம் போட்டு வரைகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு வளைவு, ஒரு கறுப்புத் திட்டு, ஒரு கோடு, அவ்வளவுதான் அவன் கண்ணில் படும். தாத்தாவின் முகத்துக்கு வந்தபோது ஒரு கட்டத்துக்குள் அரிசி அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது. அதைத் துணிக்கு மாற்றியபோது கட்டைவிரல் அகலம் ஆயிற்று. பின்னால் நகர்ந்து பார்த்தேன். வாய். தாத்தாவின் வாய் திறந்திருந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல்லும் தெரிந்தன. இருபது வருஷம் அண்ணாந்து பார்த்த படத்தில் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் பட்டது. நிற்கிற பதினொரு பேரில் பத்துப் பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கடைசிச் சித்தி மட்டும் தாத்தாவைப் பார்க்கிறாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. சின்னப் பிள்ளைதானே, நேராக நிற்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை மத்தியானம் டிஸ்ப்ளே. முடிந்ததோ முடியாததோ, செய்துகொண்டிருக்கும் வேலையைச் சுவரில் சாய்த்துவைக்க வேண்டும். சார் கடைசியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “பேசுங்கப்பா” என்பார். பதினான்கு பேர் பேசுவார்கள். வரைந்தவன் வாயைத் திறக்கக்கூடாது. அதுதான் விதி.

என் முறை வந்தபோது படத்தில் நிற்கிறவர்கள் ஓரளவு முடிந்திருந்தார்கள். தாத்தா முகத்தில் மட்டும் பச்சை மண் நிறம் அடிப்பூச்சாக நின்றது. பழைய இத்தாலிய ஓவியர்களின் வழி அது. உயிருள்ள முகத்துக்கே அடியில் பச்சை பூசி, மேலே இளஞ்சிவப்பை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மேல்பூச்சு தேய்ந்துபோன பலகைகளில் மாதாவின் முகமே பச்சையாகத் தெரியும். நான் இன்னும் சிவப்பு ஏற்றவில்லை. ஏற்றுவதா என்றும் முடிவு செய்யவில்லை.

முதலில் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததில் ஒழுங்கான விமர்சனம் அந்த ஒரு நிமிஷம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எப்போதடா முடியும் என்றிருந்தது.

பிறகு சேலத்துக்காரன் ஆரம்பித்தான். ஹாஸ்டலில் எல்லோருக்கும் ஊர்தான் பெயர். “மச்சான், சூப்பரா வந்திருக்கு. அந்த வாயை மட்டும் மூடிடு.” அதோடு மடை திறந்துகொண்டது. பேய்ப்பட போஸ்டர் மாதிரி இருக்கிறது என்றான் ஒருத்தன். ஓவியர் மங்க் வரைந்தது மாதிரி இருக்கிறது என்றான் இன்னொருத்தன். நூலகத்தில் புரட்டிய புத்தகம் அவனுக்குக் கைகொடுத்தது. கலைக் கல்லூரியில் ஒரு படம் தொந்தரவு செய்தால் அதிலிருந்து தப்பிக்க இதைவிடக் கிட்டத்து வழி கிடையாது. யார் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், படம் அலமாரிக்குள் போய்விடும். “இதுல நீ என்ன சொல்ல வர்ற?” என்று கேட்டவளும் உண்டு. நான் பதில் சொல்லக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

எல்லோரிலும் அன்பாகப் பேசியவன் செங்கல்பட்டுப் பையன். “இன்னும் முடிக்கலடா அவன். முடிச்சா சரியாயிடும்.” எனக்காகத்தான் பேசினான். அந்த ஒரு வாக்கியம் அடுத்த மூன்று வாரம் என் தலைக்குள் ஓடியது. படத்தில் எது உறுத்தினாலும் அது முடியாத வேலையின் குறை, முடித்தால் போய்விடும் என்று நானும் நம்பத் தொடங்கினேன். முடிக்காத படத்தைக் காட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான். பார்க்கிறவனுடைய சங்கடத்துக்குக் காரணம் படமா, படத்தின் அரைகுறையா என்று அவனுக்கே தெரியாது. அரைகுறை என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் சௌகரியம்.

கோவில்பட்டிக்காரன் கடைசியில் பேசினான். சும்மாவே அதிகம் பேசாதவன். எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

“என்னல, நாடிக்கட்டு எங்க?”

யாருக்கும் புரியவில்லை. அவன் தன் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை கையால் சுற்றிக் காட்டினான். “துணி வச்சுக் கெட்டியிருப்பாவள்லா. போட்டோ புடிக்கதுக்கு அவுத்துருப்பாவ. வெறைக்கும் முன்ன அவுத்தா வாய் தொறந்துக்கிடும்.” அப்புறம் தாத்தாவின் காலைப் பார்த்தான். போட்டோவில் கால் சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது. பாதங்களை நான் என் பாதத்தைப் பார்த்து வரைந்திருந்தேன். “பெருவிரலும் கெட்டல.”

“டேய், போதும்டா” என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன. யாரோ சிரித்தார்கள். சார் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவன் வாயை மூடு என்றும் சொல்லவில்லை, திற என்றும் சொல்லவில்லை. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதனாலேயே அது விமர்சனம் என்று எனக்குப் படவில்லை. கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வகுப்புக்கு வந்தபோது என் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நேராக்கி வைத்தேன். மத்தியானம் மறுபடி திரும்பியிருந்தது. திருப்பிவைத்தது யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு எதிர்ப்பக்கம் ஈசல் போட்டிருந்த சென்னைப் பெண். டிஸ்ப்ளேயில் ஒரு வார்த்தை பேசாதவள். வகுப்பிலேயே சாப்பிடுவாள். டப்பாவைத் திறக்குமுன் எழுந்துவந்து என் படத்தைத் திருப்பிவைத்துவிட்டுப் போய் உட்காருவாள். “ஏன் இப்படிப் பண்றே, அதுல பெயின்ட் காயல” என்று சண்டைக்குப் போனேன். “சாரிப்பா, சாப்பிட முடியல” என்றாள். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டே வளர்ந்தவன்.

ஜெரிகோ விஷயம் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தால் அவளோடு சண்டை போட்டிருக்க மாட்டேன்.

1816 ஜூலையில் ‘மெதூசா’ என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் தரைதட்டியது. படகுகளில் இடமில்லாத ஏறத்தாழ நூற்று நாற்பத்தேழு பேர், அவசரத்தில் கட்டிய ஒரு கட்டுமரத்தில் விடப்பட்டார்கள். பதின்மூன்று நாள் கழித்து இன்னொரு கப்பல் கண்டெடுத்தபோது பதினைந்து பேருக்குத்தான் உயிர் இருந்தது. இடையில் மனிதர் மனிதரைத் தின்றார்கள். தெயோடர் ஜெரிகோ என்ற இளம் ஓவியர் இதை வரைய முடிவு செய்தார். தப்பிவந்தவர்களைக் கண்டு பேசினார். அந்தக் கப்பலின் தச்சரைக் கொண்டே கட்டுமரத்துக்கு ஒரு மாதிரி செய்வித்தார். வெளியே போகத் தோன்றக்கூடாது என்று தலையை மழித்துக்கொண்டார். பாரிஸில் ஒரு மருத்துவமனைக்குப் பக்கத்தில் பட்டறை பிடித்து, அறுத்த கையையும் காலையும் கொண்டுவந்து வைத்து, அவை அழுக அழுக நிறம் மாறுவதை வரைந்தார்.

அந்தப் பட்டறைக்கு வந்துபோன இளைஞர்களில் ஒருவர் யூஜின் தெலாக்ருவா. இருவரும் கெரான் என்ற ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். தெலாக்ருவாவுக்கு அப்போது இருபது இருபத்தொரு வயது. படத்தின் முன்பக்கம் ஒரு கையை நீட்டிக் குப்புறக் கிடக்கும் உருவத்துக்கு அவரே படுத்துக் கொடுத்தார். பாதி வேலையில் இருந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், பைத்தியக்காரன் மாதிரித் தன் அறைவரை நிற்காமல் ஓடினாராம். பின்னாளில் அவரே சொன்னது. அன்று ஜெரிகோவிடம் அவர் என்ன கருத்துச் சொன்னாரோ, நமக்கு வேண்டாம். கால் சொல்லிவிட்டது.

வாய் ஒன்று சொல்லும், உடம்பு ஒன்று சொல்லும் என்பதற்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1907இல் பிக்காஸோ தன் பட்டறையில் ஐந்து பெண்களை வரைந்த அந்தப் பெரிய படத்தைக் காட்டியபோது கூட்டாளிகளே மிரண்டார்கள். மத்தீஸுக்குக் கோபம் வந்தது. பிராக், மண்ணெண்ணெய் குடித்து நெருப்பு கக்கச் சொல்வதுபோல இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொன்னதாகச் சொல்வார்கள். ஆனால் அதே பிராக் அந்தக் குளிர்காலத்திலேயே பெரிய நிர்வாணப் படம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். அதைப் பார்க்கிறவர்களுக்கு மண்ணெண்ணெய் யார் வயிற்றில் போயிற்று என்பது தெரியும். படத்தைப் பொதுமக்கள் பார்க்க 1916 ஆயிற்று. அந்த ஒன்பது வருஷமும் நண்பர்களின் முகச்சுளிப்போடுதான் அது கிடந்தது.

நம் ஊரில் கதை வேறு. எங்கள் ஊர் எல்லையில் முனீஸ்வரனுக்குச் சுதைச் சிலை செய்துகொண்டிருந்தபோது நான் போய்ப் போய் வேடிக்கை பார்ப்பேன். பதினைந்தடி உயரம், கையில் அரிவாள். கண்ணை எழுதுவது கடைசி வேலை. அதுவரை முகத்தில் இரண்டு வெள்ளை முட்டைகள்தான் இருக்கும். அதைச் சாமியாக யாரும் எண்ணமாட்டார்கள். பீடத்தில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள், காலில் துண்டைக் காயப்போடுவார்கள். பூசாரி ஒருநாள் சாயங்காலம் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். கொத்தனாரிடம் சொன்னார்: “முழி பத்தல.” பயமாக இல்லையாம். பிள்ளைகள் இதைப் பார்த்தால் பயந்து ஓட வேண்டாமா என்று கேட்டார். கொத்தனார் மறுபேச்சுப் பேசாமல் முட்டைகளைக் கரண்டியால் சுரண்டி, இன்னும் இரண்டு விரல் கனத்துக்குச் சுதையை அப்பினார். தொந்தரவு போதவில்லை என்று ஒருவர் குறைசொல்லி நான் கேட்டது அந்த ஒருதரம்தான். படிக்கப்போன இடத்தில் அப்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை.

தாத்தாவின் வாயை மூட எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேம்லின் ட்யூபில் இருந்து கொஞ்சம் இந்தியன் ரெட், கொஞ்சம் மஞ்சள் காவி. கீழுதட்டை மேலே ஏற்றினேன். இரண்டு பல்லும் மறைந்தன. பச்சை முகத்தின் மேல் செம்மையை ஏற்றினேன். பின்னணிச் சுவருக்கு நீலம் பூசினேன். பாதத்தைச் சுற்றி இருட்டைப் போட்டேன். ஒரு பெரியவர் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார், குடும்பம் சுற்றி நிற்கிறது. சஷ்டியப்தபூர்த்திக்கு எடுத்த படம் என்றாலும் நம்பலாம்.

அடுத்த டிஸ்ப்ளேயில் ஏகப் பாராட்டு. “இப்பத்தான்டா கம்போசிஷன் உக்காந்துது” என்றான் சேலத்துக்காரன். செங்கல்பட்டுப் பையன், நான் சொன்னேனே என்பதுபோலச் சிரித்தான். சாரும் தலையாட்டினார். ஒருத்தி மட்டும், “அந்தச் சின்னப்பொண்ணு ஏன் எங்கேயோ பாக்குது? அவளையும் கேமரா பக்கம் திருப்பிட்டா நல்லாருக்கும்” என்றாள். சரியான யோசனை என்று குறித்துக்கொண்டேன். கோவில்பட்டிக்காரன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

சென்னைப் பெண் அதற்குப் பிறகு படத்தைத் திருப்பிவைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து தயிர்சாதத்துக்கு மாவடு கடித்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தாத்தாவுக்குத் தாடையில் துணி கட்டியிருந்தார்களா?

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “கட்டியிருந்தாங்க. புது வேட்டியில கரையைக் கிழிச்சுப் பெரியப்பாதான் கட்டினாரு. போட்டோக்காரர் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. லேட்டானா உடம்பு மடங்காது, நாற்காலியில உக்கார வைக்க முடியாதுன்னு வேற சொன்னாரு. அவசர அவசரமா உக்காரவச்சு, கட்டை அவுத்தாங்க.” முறத்தைத் தட்டினாள். “அவுத்ததும் மூடித்தான் இருந்துச்சு. எல்லாரையும் நிக்கவச்சு, துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அவரு ஏதோ திருகிட்டிருந்தாரு. அதுக்குள்ள கொஞ்சங் கொஞ்சமா தொறந்துக்கிச்சு. நாங்க யாரும் பாக்கல. அசையாதீங்க, இங்க பாருங்கன்னுட்டாரே. உஞ்சித்திதான் பாத்துட்டே நின்னா. ‘அப்பா ஏதோ சொல்றாரு, அப்பா ஏதோ சொல்றாரு’ன்னு அன்னிக்கு ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல.”

இறந்த உடம்பில் முதலில் விறைப்பது முகமும் தாடையும்தான். இரண்டு மணி நேரம் போல ஆக வேண்டும். அதுவரை கட்டு இருந்தால் அப்புறம் அவிழ்த்தாலும் வாய் மூடியபடி நிற்கும். அந்த நேரத்தை நாலு மணி பஸ் கொடுக்கவில்லை.

சித்தி எதைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போட்டோவில் அது இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷமாக இருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால், குங்குமப் பொட்டுக்குக் கீழே. என் படத்தில் இல்லை. மூடிய வாயைப் பார்த்துக்கொண்டு, நேராக நிற்கத் தெரியாத ஒரு சின்னப் பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நல்லவேளை, லீவு முடிந்து போய் அவளையும் கேமரா பக்கம் திருப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

கூடப் படித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டா என்று கேட்டால், கொஞ்ச நாள் இருந்தது. ஹோல்பைனின் படத்தைப் பற்றிப் படித்தபோது அது கரைந்துபோயிற்று. கல்லறைக்குள் கிடக்கும் இயேசு. 1521, 22 வாக்கில் வரைந்தது. சுவிட்சர்லாந்தில் பாஸல் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறரை அடி நீளம், உயரம் ஒரே ஒரு அடி. பெட்டியின் பக்கப்பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே பார்ப்பதுபோல இருக்கும். கண் செருகியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கைவிரல் பச்சை பாரித்திருக்கிறது. 1867இல் தஸ்தயேவ்ஸ்கி அதன் முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. அவருக்குக் காக்காய் வலிப்பு உண்டு. முகத்தைப் பார்த்து, வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்த மனைவி அன்னா கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துப்போனார். அதற்குப் பிறகு தஸ்தயேவ்ஸ்கி எழுதிய ‘அசடன்’ நாவலில் அந்தப் படம் வருகிறது.

என்னை நிறுத்தியது அன்னாவின் கை. படத்தைப் பற்றி அந்த அம்மாளுக்கு அந்த நேரத்தில் ஒரு கருத்தும் இருந்திருக்காது. தன் மனிதனைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். சாவு வீட்டில் நாமும் அதைத்தான் செய்கிறோம். உயிர் போனதும் முதல் காரியம் கண்ணை மூடுவது, தாடையைக் கட்டுவது, பெருவிரலைச் சேர்த்துக் கட்டுவது. போனவருக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வந்து பார்க்கிறவர்கள் பயந்துவிடக்கூடாது, பிள்ளைகள் ராத்திரி அலறக்கூடாது. அது ஒரு மரியாதை, ஒரு கருணை. யாராவது ஒரு பெரியப்பா வேட்டிக் கரையைக் கிழித்துக்கொண்டு முன்னால் வருவார். அன்றைக்கு வகுப்பில் சேலத்துக்காரனும் செங்கல்பட்டுப் பையனும் செய்தது அந்தக் காரியத்தைத்தான். பெரியப்பா அவிழ்த்த கட்டை முப்பத்து மூன்று வருஷம் கழித்து எடுத்துக் கட்டினார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். கட்டுவதற்கு வாகாக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான்.

ஜெரிகோவும் இதற்குத் தப்பவில்லை என்பது என் எண்ணம். கட்டுமரத்தில் மனிதர் மனிதரைத் தின்பதை அவர் வரைந்துபார்த்த சித்திரம் இன்றும் இருக்கிறது. முடிந்த படத்தில் அந்தக் காட்சி இல்லை. கிட்டத்தட்ட பதினாறு அடி உயரம், இருபத்து மூன்றரை அடி அகலத் துணியில், பதின்மூன்று நாள் பட்டினி கிடந்தவர்கள் பயில்வான்கள்போலத் தோள் புடைத்துக் கிடக்கிறார்கள். மகத்தான படம், சந்தேகமில்லை. 1819இல் சலோன் கண்காட்சியில் அதைப் பார்க்கக் கூட்டம் முட்டியது, திட்டவும் திட்டினார்கள். தெலாக்ருவாவைப்போல யாராவது வீடுவரை ஓடினார்களா என்றுதான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பட்டறையில் அழுகிய கைகாலைப் பார்த்து ஜெரிகோ வரைந்த சின்னச் சின்ன படங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் ஓடவைப்பவை அவைதான்.

இப்போது நானும் ஸ்டூலில் உட்காருகிறவன் ஆகிவிட்டேன். “பேசுங்கப்பா” என்கிறேன். பேசும்போது அதிகம் காது கொடுப்பதில்லை. யார் எங்கே நிற்கிறார்கள், யார் கழுத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், யார் செல்போனை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்ததை வரைந்த பிள்ளையிடம் தனியே சொல்வேன். இது எவ்வளவு உதவுகிறதோ தெரியாது. போன வருஷம் ஒரு பையன், “சார், அவங்க ஏசிக்குக் கீழ நின்னாங்க, அதான் நகர்ந்தாங்க” என்றான். இருக்கலாம்.

தாத்தாவின் படம் என்னிடம் இருக்கிறது. வாயைத் திறக்க ஒருதரம் முயன்றேன். பிளேடால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். மேல் பெயின்ட் கீழ் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு, அடியிலிருந்த பல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. இப்போது அங்கே ஃபெவிகால் வெள்ளை தெரிகிறது.

கோவில்பட்டிக்காரனைச் சில வருஷங்களுக்கு முன் வடபழனியில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். எங்கள் செட்டில் பாதிப் பேரைப்போல அவனும் சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்ட். சாவு வீட்டு செட் என்றால் இவனைத்தான் கூப்பிடுகிறார்களாம். பந்தல், பச்சைத் தென்னை ஓலைப் பாடை, நெற்றிக் காசு, ஒன்று தப்பாது. அந்த டிஸ்ப்ளேயைப் பற்றி நான் எடுத்தேன். அவனுக்கு நினைவில்லை. அல்லது நினைவில்லை என்றான்.

“போன மாசம் ஒரு படம்ல. பெரிய நடிகரு, பொணமா படுத்திருக்காரு. நான் நாடியக் கெட்டி, பெருவெரலக் கெட்டி, எல்லாம் சுத்தமா பண்ணி வச்சிருக்கேன். டைரக்டரு வந்து, கெட்டு மொகத்த மறைக்கி, அவுத்துருங்காரு. அவுத்தேன்.” டீயை ஆற்றினான். “வாய் தொறக்கல. இறுக்க மூடிக்கிட்டுக் கெடக்காரு. அண்ணாச்சி, லேசா தொறந்துக்கிடுங்க, அதான் நெசம்னேன். மாட்டேன்னுட்டாரு. சகுனம் பாக்காரு போல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அப்படியே எடுத்துட்டாவ. பொணமா நடிச்சவரச் சும்மா எந்திரிக்க விடமாட்டாவல்லா, சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட்டு எடுத்துட்டுத்தான் விடுவாவ. ஆகாதுன்னு. அப்பத்தாம்ல வாயத் தொறந்தாரு.”